தாத்தாவின் கற்பூரப் பெட்டியும் பினாங்கைக் கட்டிய சீனர்களும்

பொங்கலுக்கு முன்னால் ஓ.டி. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தோம். (வெளியூர்க்காரர்களுக்காக: ஓ.டி. என்றால் ஓல்டு டவுன், கடலூர் முதுநகர்.) அண்டா, குத்துவிளக்கு, கால் உடைந்த தொட்டில் எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக மூன்று பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்து இறக்கியது தாத்தாவின் பெட்டி. கற்பூர மரத்தில் செய்தது. மலேயா போய் வந்தவர்கள் வீட்டில் பட்டுப்புடவையும் பத்திரமும் வைக்க இப்படி ஒரு பெட்டி இருக்கும், உங்களில் சிலர் வீட்டிலும் இருக்கலாம். மூடியைத் தூக்கினால் இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறுகிறது.

மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் தாத்தாவின் இனிஷியலும் பெயரும், அதற்குக் கீழே "பினாங்கு – நாகப்பட்டினம்" என்றும் இருக்கிறது. முன்பலகையில் ஊசியிலை மரம், பாய்மரக் கப்பல், ஒரு வளைந்த பாலத்தில் குடை பிடித்து நடக்கும் இரண்டு பேர் என்று செதுக்கல் வேலை. நான்கு மூலையிலும் பலகையோடு பலகையை விரல் கோத்தது போலக் கோத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் ஓர் ஆணி கூட இல்லை. 2011 தானே புயலில் ஓடு பறந்து மழைத் தண்ணீர் இறங்கியதில் அடிப்பலகை ஒன்று மட்டும் நெளிந்து கழன்றிருந்தது. ஜன்னல் வேலைக்கு வந்திருந்த ஆசாரி அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பலகையின் அடியில், தரையைப் பார்த்தபடி இருந்த பக்கத்தில், கறுப்பு மையால் தூரிகையில் எழுதிய மூன்று சீன எழுத்துகள்.

"இது நம்ம ஊரு வேலை இல்லைங்க சார், பக்குவமே வேற" என்றார். போட்டோ எடுத்து பினாங்கில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பி, யாராவது சீன நண்பரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

அன்று ராத்திரி எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது இதுதான். தாத்தா ரஜூலா கப்பலேறி பினாங்கு போனவர். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலை. நான் சின்னப் பையனாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகள் இன்னும் காதில் இருக்கின்றன. "பினாங்கே நம்ம ஆளுங்க கட்டினதுடா" என்பார். ரோடு போட்டது நாம், கப்பலில் மூட்டை இறக்கியது நாம், காட்டை அழித்து ரப்பர் வைத்தது நாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதைகளில் சீனர்கள் எங்கே வந்தார்கள் என்று யோசித்தால், காபிக்கடைக்காரராக, அடகுக்கடைக்காரராக, ரிக்‌ஷா இழுப்பவராக, அதுவும் "சீனன்" என்ற ஒற்றைச் சொல்லில் வந்தார்கள், அவ்வளவுதான். நம்மை அங்கே "கிளிங்" என்று கூப்பிட்டால் எவ்வளவு வலிக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம் மட்டும் மற்றவர்களைப் பெயர் சொல்லியா கூப்பிட்டோம்?

வெள்ளைக்காரன் எழுதிய சரித்திரத்தில் நம் கூலிகள் இல்லை என்று குறைப்படுகிறோம், குறைப்பட வேண்டியதுதான். ஆனால் நாம் வீட்டுக்குள் சொல்லிக்கொண்ட சரித்திரத்தில் பக்கத்தில் நின்று மரம் வெட்டிய சீனரை விட்டுவிட்டோம். நாலைந்து வருஷமாக இந்த விஷயத்தைப் படித்து வருகிறேன், இதுவரை எழுதவில்லை. பெட்டி இறங்கியதும் இனி தள்ளிப்போட முடியவில்லை.

கடலூரில் பிறந்தவர்களுக்கு ஒரு பீரங்கிக் கதை தெரியும். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை தனக்கு என்று பேசிக்கொண்டு நாலா பக்கமும் சுட்டது, குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் ஆயின. பினாங்கிலும் ஒரு பீரங்கிக் கதை உண்டு. 1786-இல் அதே ஆங்கிலக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் என்பவர் அங்கே இறங்கியபோது கரை முழுக்கக் காடு. பீரங்கியில் வெள்ளிக் காசைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம், காசைப் பொறுக்கும் ஆசையில் ஆட்கள் மரத்தை வெட்டித் தள்ளினார்களாம். இரண்டு கதையிலும் பீரங்கி சுட்டவர் பெயர் தெரியும், வயலைப் பறிகொடுத்தவர், கோடாலி பிடித்தவர் பெயர் தெரியாது. அந்த மரங்கள் எவ்வளவு கெட்டி என்றால், கோடாலி ஈயம் போல மடங்கிப் போகிறது என்று லைட்டே குறித்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட காட்டை ஒரு காசுக் கதையில் முடித்துவிடுகிறோம்.

லைட் இறங்கிய சில நாட்களிலேயே எதிர்க்கரையில் இருந்த கெடாவில் இருந்து ஒரு சீனர் தேடி வந்தார். கோ லே ஹுவான் என்று பெயர். கையில் கொண்டுவந்த சீர் என்ன தெரியுமா, மீன் பிடிக்கும் வலை. புதிதாக ஊர் அமைக்க வந்தவனுக்கு முதலில் சோறு வேண்டும் என்று தெரிந்த ஆள். மீனவர் ஊரான நம் சிங்காரத்தோப்புப் பக்கம் யாரிடமாவது இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அடுத்த வருஷமே அவர் பினாங்கின் முதல் சீனக் கப்பித்தான் ஆனார். அதாவது தன் ஆட்களின் வழக்குத் தீர்ப்பது, வரி வசூலிப்பது, புதிதாக வந்து இறங்குபவர்களுக்கு இடம் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. சுமத்ராவில் இருக்கும் அச்சேவில் இருந்து மிளகுக் கொடி வரவழைத்து அந்தத் தீவில் மிளகுத் தோட்டம் போடத் தொடங்கியதும் அவர்தான்.

1794-இல், தான் சாவதற்குக் கொஞ்சம் முன்னால், லைட் கம்பெனிக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ஊரில் இருப்பவர்களிலேயே மிகவும் மதிப்புள்ளவர்கள் சீனர்கள்தான், ஆண், பெண், பிள்ளை எல்லாம் சேர்த்துச் சுமார் 3,000 பேர், தச்சர், கொத்தனார், கொல்லர், வியாபாரி, கடைக்காரர், தோட்டக்காரர் என எல்லாத் தொழிலும் அவர்களிடம் இருக்கிறது என்று எழுதினார். அடுத்த இடம் சூலியாக்களுக்கு, அதாவது சோழமண்டலக் கரையில் இருந்து போன நம் ஆட்களுக்கு. சுமார் 1,000 பேர் குடியேறி இருக்கிறார்கள், அதுபோக வருஷத்துக்கு 1,300-இல் இருந்து 2,000 பேர் வரை கப்பலில் வந்து, கொஞ்சம் டாலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்கிறார். ஊர் திரும்புகிறார்கள் என்ற இடத்தில் எனக்கு தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நூற்றைம்பது வருஷம் கழித்து அவரும் அதையேதான் செய்தார்.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிழக்கு நாடுகளில் அரசாங்கம் அதிகம் மெனக்கெடாமல் வரி எடுக்கக்கூடிய ஒரே மக்கள் சீனர்கள் என்கிறார் லைட். இதைப் பாராட்டு என்று படித்துவிட்டுப் போகக் கூடாது. பினாங்கும் பிறகு சிங்கப்பூரும் சுங்கம் இல்லாத துறைமுகங்கள் என்று பெயரெடுத்தவை. அப்படியானால் ரோடு போட, போலீசுக்குச் சம்பளம் கொடுக்க, ஆபீஸ் நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது? குத்தகையில் இருந்து. அபின் விற்கும் உரிமை, சாராயம் காய்ச்சும் உரிமை, சூதாட்டக் கொட்டகை நடத்தும் உரிமை இவற்றை வருஷா வருஷம் ஏலம் விட்டார்கள், ஏலம் எடுத்தவர்கள் பெரும்பாலும் சீன முதலாளிகள். அதில் பெரிய வருமானம் அபின். அந்த அபின் எங்கே விளைந்தது என்றால் நம் நாட்டில், கங்கைக் கரையில், கம்பெனியின் மேற்பார்வையில். கல்கத்தாவில் ஏலம் போய், கப்பலேறி, பகலெல்லாம் மிளகுத் தோட்டத்திலும் வெள்ளீயச் சுரங்கத்திலும் முதுகு ஒடிந்த சீனக் கூலியின் புகைக் குழாயில் போய் முடிந்தது. அவர் வலி மறக்க இழுத்த ஒவ்வொரு இழுப்பும் அரசாங்கத்துக்கு வரி. சொந்த ஊரில் இருந்து அவரைக் கடனில் கப்பலேற்றியவரும் சீனர், அபின் விற்றவரும் சீனர், மேலே உட்கார்ந்து வாங்கிக்கொண்டது கம்பெனி. அதனால் கப்பித்தான்களை மட்டும் பிடித்துவைத்துப் புகழ்வதிலும் எனக்கு இஷ்டமில்லை. நான் பேசுவது அந்தக் கூலியைப் பற்றி, கூடவே கடையில் குந்தி உட்கார்ந்து பலகை இழைத்த தச்சரைப் பற்றி.

அப்புறம் சர்க்கரை. நாம் சீனி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லிலேயே சீனம் உட்கார்ந்திருக்கிறது. வெல்லம் நம்முடையது, வெள்ளையாகப் பொடிந்து வந்த சரக்குக்குச் சீனப் பெயர் ஒட்டிக்கொண்டது. பினாங்குக்கு எதிரே பெருநிலத்தில், பத்து காவான் பக்கம், கரும்பு போட்டு ஆலை வைத்தவர்கள் தியோச்சூ சீனர்கள். அவர்கள் செய்து காட்டிய பிறகுதான் ஐரோப்பியத் துரைமார்கள் பெரிய பெரிய தோட்டம் திறந்தார்கள், அதற்கு ஆள் வேண்டும் என்று நாகப்பட்டினத்தில் இருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். ஆக நம் ஆட்கள் வெட்டிய கரும்புக்கு முன்னால் அங்கே சீனர் வெட்டிய கரும்பு இருந்தது. இந்தியாவுக்குள் வந்து குடியேறிய முதல் சீனர் என்று சொல்லப்படும் ஆச்சியூவும் சர்க்கரைக்காரர்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கல்கத்தாவுக்குக் கீழே ஹூக்ளி கரையில் நிலம் வாங்கிக் கரும்பு ஆலை வைத்தார். அந்த ஊருக்கு இன்றும் ஆச்சிப்பூர் என்றுதான் பெயர், சீனப் புத்தாண்டுக்குக் கல்கத்தா சீனர்கள் அவர் சமாதிக்குப் போகிறார்கள்.

இந்தச் சர்க்கரை ஆலைக் கதையில் ரத்தமும் உண்டு. 1619-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவில் பட்டாவியாவை, இன்றைய ஜகார்த்தாவை, அமைத்தபோது அவர்கள் முதலில் தேடியது சீனர்களைத்தான். ஜாவாவிலேயே இருந்த பண்டாம் துறைமுகத்தில் இருந்து சௌ பெங் கோங் என்பவரை வரவழைத்துக் கப்பித்தான் ஆக்கினார்கள். கால்வாய் வெட்ட, மதில் கட்ட ஒப்பந்தம் எடுத்தது, காய்கறி போட்டது, மீன் பிடித்தது, ஊரைச் சுற்றிச் சர்க்கரை ஆலை நடத்தியது எல்லாம் சீனர்கள். நம் தேவனாம்பட்டினத்திலும் அதே டச்சுக்காரர்களுக்கு அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தே பண்டகசாலை இருந்தது. இங்கே நெய்து சாயம் தோய்த்த துணி பட்டாவியா போகும், அதைக் கொடுத்து மசாலா வாங்குவார்கள். ஆக இந்தக் கரையின் நெசவாளியும் அந்தக் கரையின் சீனக் கொத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே கம்பெனிக்கு உழைத்திருக்கிறார்கள். 1740-இல் சர்க்கரை விலை விழுந்து ஆலைகள் படுத்தன, வேலை போன சீனர்களைப் பிடித்து இலங்கைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது, போகிற வழியிலேயே கடலில் தள்ளிவிடுகிறார்கள் என்று வதந்தியும் சேர்ந்தது, ஆலைக்காரர்கள் கலகம் செய்தார்கள். அந்த அக்டோபரில் சில நாட்களுக்குள் பட்டாவியாவில் சுமார் 10,000 சீனர்களைக் கொன்றார்கள். தாங்கள் கட்டிய மதிலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு செத்தவர்கள். மிச்சம் இருந்தவர்களை மதிலுக்கு வெளியே குளோடோக்கில் குடிவைத்தார்கள்.

சிங்கப்பூரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1819-இல் ஆங்கிலக் கம்பெனியின் ராஃபிள்ஸ் வருவதற்கு முன்னாலேயே அந்தத் தீவில் சீனர்கள் காம்பியர் தோட்டம் போட்டிருந்தார்கள் (தோல் பதனிடவும் சாயத்துக்கும் பயன்படும் இலை). அதே வருஷம் பினாங்கில் இருந்து போன நம் நாராயண பிள்ளை அங்கே செங்கல் சூளை வைத்தார், 1827-இல் மாரியம்மன் கோயில் எழுப்பினார். அந்தக் கோயில் இன்று இருப்பது சைனாடவுனில்! தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லத்தான் இரண்டு பேருமே அங்கே கும்பிட்டிருக்கிறார்கள்.

கோலாலம்பூர் கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1857-இல் கிள்ளான் ஆற்றில் படகேறி 87 சீனர்கள் வெள்ளீயம் தேடி அம்பாங் பக்கம் போனார்கள். ஒரே மாதத்தில் 69 பேர் மலேரியாவில் செத்துப்போனார்கள். மிச்சம் 18 பேர். அந்த 18 பேருக்குப் பின்னால் இன்னும் ஆட்களை அனுப்பினார்கள், அவர்களும் போனார்கள், அப்படித்தான் அந்த ஊர் ஊர் ஆனது. உள்நாட்டுச் சண்டையில் அது எரிந்தபோது திரும்பக் கட்டியவர் யாப் ஆ லாய் என்ற ஹக்கா சீனர். தீயும் வெள்ளமும் வந்த பிறகு அத்தாப்பு ஓலைக் கூரைகளை எடுத்துவிட்டுச் செங்கல்லில் கட்டச் சொன்னார்கள், அவர் செங்கல் சூளை வைத்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் என்கிறார்கள். நம் ஆட்கள் கோலாலம்பூரில் இறங்கியதும் இட்லி தேடிப் போகிறார்களே, பூமாலைக் கடையும் புடவைக் கடையும் வரிசையாக இருக்கிறதே, அதே பிரிக்ஃபீல்ட்ஸ். நானும் அங்கே தோசை சாப்பிட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரிலேயே செங்கல் இருக்கிறது, யார் சுட்ட செங்கல் என்று அன்று யோசிக்கவில்லை.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் கதை சைகோனுக்குப் போகும். என் மனைவியின் சொந்தத்தில் ஒரு பாட்டி இருந்தார், அவரை எல்லோரும் சைகோன் பாட்டி என்றுதான் கூப்பிடுவோம். விசேஷம் என்றால் அவர் வீட்டில் சாயோ என்ற வியட்நாமியப் பலகாரம் சுருட்டிப் பொரிப்பார்கள், குழந்தைகள் வடையை விட்டுவிட்டு அதற்குத்தான் சண்டை போடும். பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்த பிறகு புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பலர் அங்கே வரி வசூல், போலீஸ் என்று உத்தியோகத்துக்குப் போனார்கள். பாட்டி வீட்டிலும் அந்த உத்தியோகப் பெருமை ரொம்ப உண்டு. ஆனால் சைகோனை ஒட்டிய சோலோன், அங்கே அரிசி குவித்த, ஆலை வைத்த, கப்பலுக்கு ஏற்றிய சீன ஊர், பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு எவ்வளவோ முன்னால் இருந்தே இருந்தது. சோலோன் என்றால் வியட்நாமிய மொழியில் பெரிய மார்க்கெட் என்று அர்த்தம். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், நாமும் நம் மார்க்கெட்டைப் பெரிய மார்க்கெட் என்றுதான் சொல்கிறோம். அந்த அரிசி வியாபாரம் இல்லாமல் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு அங்கே வருமானம் ஏது, நம் ஆட்களுக்குச் சம்பளம் ஏது.

இதெல்லாம் கடல் தாண்டிய கதை என்று நினைத்தால், நீலகிரியிலும் ஒன்று இருக்கிறது. 1860-களில் நடுவட்டத்தில் மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத் தோட்டம் போட்டபோது, நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) தண்டனை பெற்று மெட்ராஸ் மாகாணத்துச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். தண்டனை முடிந்தும் சிலர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, கூடலூர் போகும் வழியில் காய்கறியும் காப்பியும் போட்டுப் பிழைத்தார்கள். அவர்கள் குடும்பங்களைப் பார்த்து எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் குறிப்பு எழுதியிருக்கிறார், அதுவும் மூக்கையும் கண்ணையும் அளந்து வைத்த குறிப்பு, படிக்கக் கஷ்டமாக இருக்கும். அளந்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. மலேரியாவில் 69 பேரைப் பறிகொடுத்த அதே மக்களைச் சேர்ந்த கைதிகள், இங்கே அதே மலேரியாவுக்கு மருந்து மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

நாலாவது நாள் நண்பனின் பதில் வந்தது. நான் தச்சர் பெயராக இருக்கும், கடைப் பெயராவது இருக்கும் என்று மனதில் ஆசையை வளர்த்து வைத்திருந்தேன். அது பெயர் இல்லை. "இடது, பின், மூன்று". எந்தப் பலகை எங்கே உட்கார வேண்டும் என்று தச்சர் தனக்காகப் போட்டுக்கொண்ட குறி.

ஆசாரியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. கையில் இருந்த ஜன்னல் சட்டத்தைத் திருப்பி உள்பக்கம் காட்டினார், பென்சிலில் "இ 2" என்று இருந்தது. "நாங்களும் இப்படித்தான் சார் போடுவோம், பூட்டின அப்புறம் யாரு பாக்கப் போறா" என்றார்.

நெளிந்த பலகையை இரண்டு நாள் நிழலில் பாரம் வைத்து நேராக்கிக்கொண்டு வந்தார். எழுத்து உள்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பிப் போட முடியுமா, மூடியைத் திறந்தால் கண்ணில் படட்டும் என்று கேட்டேன். பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, காடி அந்தப் பக்கம் அடித்திருக்கிறது, திருப்பிப் போட்டால் உட்காராது என்றார். பழையபடியே பொருத்திச் சுத்தியலின் மரப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார், உட்கார்ந்துவிட்டது. எழுத்து மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை, கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறோம்.